மேஜர் சூறாவளியின் இடஞ்சுழி

வெளிச்சம் இன்னும் வரவில்லை. மூன்றரைக்கு மேல்தான் மேற்கு ஜன்னலில் சரியாக விழும். அதுவரை உட்கார வேண்டியதுதான். விளக்குப் போட்டுப் படம் எடுக்கிறவன் எடுத்துக்கொள்ளட்டும். விளக்கு பிளாஸ்டிக்கைப் பளபளவென்று காட்டும், வார்க்கும்போது விழுந்த சின்னக் குழியை மறைத்துவிடும். நான் பொம்மை விற்கிறவன் இல்லை, குழி பார்க்கிறவன். மேசைமேல் வெள்ளைத் துணி, துணிமேல் மயிரிழை அளக்கிற வெர்னியர், பூதக்கண்ணாடி, பிளேடு, பக்கத்தில் அந்த அட்டை. அட்டையில் ஒட்டிய கண்ணாடி மாதிரியான கூடு, கூட்டுக்குள் மேஜர் சூறாவளி. ஐந்தங்குலம், நீல உடம்பு, சிவப்பு மேலங்கி, நெஞ்சில் ஒரு காற்றுச் சுழி. முப்பத்தேழு வருஷமாக உள்ளேயே நிற்கிறான், சலிப்பு இல்லை அவனுக்கு. இந்தப் பொம்மை சேகரிக்கிற கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, பிரிக்காத அட்டையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அது செத்த மாதிரி. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பொம்மை என்றால் கையில் எடுக்க வேண்டும், முட்டியை மடக்க வேண்டும், ஒற்றைக் காலில் நிறுத்த வேண்டும். இதுவரை நூற்றுக்கணக்கில் பிரித்திருக்கிறேன், கை கூசியதே இல்லை. இன்றைக்குப் பிளேடை மூன்று தடவை எடுத்து மூன்று தடவை வைத்துவிட்டேன். வெளிச்சம் வரட்டும் என்கிறேன். வெளிச்சம்தான் காரணமா. சரி, வெளிச்சம்தான் காரணம், வேறென்ன.

எழுபத்திரண்டு வயசில் பொம்மை எதற்கு என்று கேட்காத ஆள் கணபதி ஏரியாவில் கிடையாது. கேட்கட்டும். நானூற்றுப் பன்னிரண்டு பேர் இந்த அறையில் நிற்கிறார்கள், பறக்கிறவன், சுவரேறுகிறவன், நெருப்பைக் கக்குகிறவன், எல்லோரும் சௌந்தரத்தின் பாத்திர அலமாரியில். கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த இரும்பு அலமாரி. அண்டாவெல்லாம் இப்போது கட்டிலுக்கடியில். வருகிற சொந்தக்காரர்களிடம், எங்கூட்டுக்காரருக்குப் பேரன் பேத்தி இல்லீங், அதனால நானூறு பேர தத்தெடுத்துட்டாருங் என்று சொல்லிக் காட்டிவிட்டுத்தான் காப்பி கொடுப்பாள். சொல்லட்டும். வாரத்துக்கு ஒரு பொம்மை, இரண்டு நிமிஷ வீடியோ, செல்போனைத் தாங்கியில் செருகிவிட்டு ஒரே தடவையில் பேசி முடிப்பேன், வெட்டுவது ஒட்டுவது கிடையாது. வணக்கம் நண்பர்களே கிடையாது. முட்டி தளர்வு, வாங்காதே. நிற்கிறது, வாங்கு. மோல்டு தேய்ந்துபோச்சு, காசு கொடுத்து ஏமாறாதே. அவ்வளவுதான். நாற்பதாயிரம் பேர் இதைப் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னாலும் பார்க்கிறார்கள். மும்பையிலிருந்து ஒரு பொம்மைக் கம்பெனிக்காரன் போன் பண்ணி, சார் தோள் பொருத்து பத்தி நீங்க சொன்னத சரி பண்ணிட்டோம் என்றான். பண்ணித்தான் ஆக வேண்டும். மற்றவன் பெயிண்டைப் பார்ப்பான், முகச்சாயலைப் பார்ப்பான். நான் உருப்படியைப் பார்த்தால் அது பிறந்த அச்சு, அந்த மோல்டு, தெரியும். உருக்கிய பிளாஸ்டிக் எந்த வழியாக உள்ளே போயிற்று, எங்கே மூச்சுத் திணறியது, இரண்டு பாதியும் எங்கே சேர்ந்தன, சேர்த்தவன் அவசரக்காரனா பொறுமைக்காரனா, எல்லாம் தெரியும். முப்பத்தொன்பது வருஷம் இரும்புக் கட்டியைக் குடைந்து மோல்டு செய்தவன் நான். என் கையிலிருந்து போன மோல்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று போன வருஷம் சொன்னேன், அதற்குத்தான் எத்தனை பேர் கை தட்டுகிற படம் போட்டார்கள். ஒன்றுகூட. அந்த இடத்தில்தான் இடிக்கிறது. திரும்பி வந்ததில்லை என்பது நிஜம். திரும்பி வராமல் நான் பார்த்துக்கொண்டேன் என்பதும் நிஜம்.

பிப்ரவரியில் சிக்கந்தர் படம் அனுப்பினார். திண்டுக்கல்லில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற ஆள், ஐம்பது வயசு இருக்கும், போனில் எங்கள் பொம்மைக்காரர் குழுவில் அதிகம் பேசமாட்டார். இந்த அட்டையைத் தன் கடைக் கண்ணாடி அலமாரியில் பவர் பார்க்கிற எழுத்துப் பலகைக்குக் கீழே வைத்திருந்தாராம், இருபத்தைந்து வருஷமாக. அண்ணே, எல்லார்கிட்டயும் இருக்கிற மேஜருக்குச் சுழி வலது பக்கம் போவுது, நம்மளுது இடது பக்கம் போவுது, இது என்ன வகைன்னு நீங்கதான் சொல்லணும் என்று குழுவில் எல்லோரும் பார்க்கக் கேட்டார். பார்த்தேன். இடஞ்சுழி. போலி, தூக்கிப் போடு என்று எழுதிவிட்டேன். மூன்று வார்த்தை. அப்புறம் என்ன, பெரியவரே சொல்லியாச்சு என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணு தெரியல என்று ஒருத்தன். சைனாவுல நேத்து ஊத்துனது பாய், சூடு ஆறட்டும் என்று ஒருத்தன். போலியைக் காட்டினவனுக்கு ஜனவரியில் எல்லோரும் கூடுகிற கூட்டத்தில் பொம்மை பரப்ப மேசை கிடையாது என்பது குழுவின் சட்டம். பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த மனுஷன் ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஏழு மாசம் கழித்து, முந்தாநாள், கூரியரில் இந்த அட்டை. பஞ்சு சுற்றி, துணி சுற்றி, டப்பாவுக்குள் டப்பா. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு, கண்ணாடி பவர் எழுதிக் கொடுக்கிற சீட்டின் முதுகில் எழுதியது. அண்ணே, நீங்களே அறுத்துப் பாருங்க. போலின்னா திருப்பி அனுப்ப வேண்டாம். சிக்கந்தர். இருபத்தைந்து வருஷம் தொடாமல் வைத்திருந்ததை அறுக்கச் சொல்கிறவன் பொய் சொல்கிறவனா. அதுவும் கிடக்கட்டும், பிப்ரவரியிலேயே ஒன்று யோசித்திருக்க வேண்டும். போலி செய்கிறவன் எதற்குச் சுழியைத் திருப்புவான். அசலைப் போலவே செய்வதுதானே போலி. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா. தெரியும். தெரிந்துதான் அவ்வளவு வேகமாக எழுதினேன். யாராவது யோசிப்பதற்குள்.

மேஜர் சூறாவளியின் மோல்டை வெட்டினவன் நான். இது குழுவில் ஒருத்தனுக்கும் தெரியாது, நான் சொன்னதில்லை. வெளிநாட்டு மோல்டு என்று எழுதுகிறார்கள், அந்தக் காலத்தில் நம்ம ஊரில் இவ்வளவு சுத்தமாக யார் வெட்டினார்கள் என்று எழுதுகிறார்கள். படித்துவிட்டு உள்ளுக்குள் மீசையை முறுக்கிக்கொள்வேன், வாயைத் திறக்கமாட்டேன். திறந்தால் சுழிக்கு வந்து நிற்கும். எண்பத்தேழில், பீளமேட்டில் ஒரு பொம்மைக் கம்பெனியில், மோல்டு வெட்டுகிற டூல் ரூமில், ஒரு சனிக்கிழமை. முதலாளிக்குச் சுழியில்தான் உயிர். வலம்புரிச் சங்கு மாதிரி இருக்கோணும் சென்னியப்பா, எடப்பக்கம் போனா ஆகாது என்று பத்துத் தடவை சொல்லியிருந்தார். மோல்டில் எல்லாவற்றையும் திருப்பி வெட்ட வேண்டும், கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி. மற்றவர்கள் சட்டைப் பையில் சின்னக் கண்ணாடி வைத்துக்கொண்டு, வெட்ட வெட்டப் பிடித்துப் பார்ப்பார்கள். எனக்கு அது கேவலம். நான் வரைபடத்தைப் பார்த்தால் மண்டைக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும். திரும்பவில்லை, அன்றைக்கு. யாரோ டிரேசிங் பேப்பரைக் கவிழ்த்து வைத்திருப்பான் என்று சொல்லலாம். வெளிச்சம் போதவில்லை என்று சொல்லலாம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ காரணம் செய்து பார்த்துவிட்டேன், ஒன்றும் பொருந்தவில்லை. தப்பாக வெட்டினேன், அவ்வளவுதான். மெஷினில் மாட்டி அறுபது உருப்படி ஓட்டிப் பார்த்தோம். எல்லோரும் முட்டியைப் பார்த்தார்கள், மூக்கைப் பார்த்தார்கள், ஆகா என்றார்கள். சுழியை ஒருத்தரும் கவனிக்கவில்லை. எனக்குச் சாப்பாட்டு நேரத்தில், தூக்குச்சட்டியைத் திறக்கும்போது உறைத்தது. பாதிச் சோற்றோடு எழுந்து போனேன். பாலிஷ் பத்தலை என்று சொல்லி மோல்டைக் கழற்றி, ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து, சுழி இருந்த இடத்தை வெல்டிங்கில் நிரப்பி, மட்டம் பண்ணி, வலஞ்சுழியாக மறுபடியும் வெட்டினேன். அதையும் சொல்ல வேண்டும், நிரப்பின தடம் தெரியாது. இன்றைக்கு வரைக்கும் எந்த உருப்படியிலும் எவனும் கண்டுபிடிக்கவில்லை. தப்பைச் சரி பண்ணினதில் இருக்கிற வேலை மற்றதில் இல்லை என்றுகூடச் சொல்வேன். அப்படியே, இடது அக்குளுக்குள் உளி சறுக்கி விழுந்திருந்த ஒரு கோட்டையும் தேய்த்தெடுத்தேன், மயிரிழைதான், கையை இறக்கினால் வெளியே தெரியாது. இருந்தாலும் எடுத்தேன். ஆக அந்தக் கோடு அறுபது உருப்படியில் மட்டும்தான், கடைக்குப் போன எதிலும் கிடையாது. அறுபதையும் ஒரு சாக்கில் அள்ளி அரைவை மெஷினில் நானே கொட்டினேன். நீலத் தூளாகப் போனதைப் பார்த்தேன். எண்ணினேனா. எண்ணவில்லை.

எண்ணாமல் விட்டது முந்தாநாள்தான் தெரிந்தது, டப்பாவைப் பிரித்த அரை மணிக்குள். சுழியைப் பார்க்கவில்லை நான், அட்டையோடு கூடு ஒட்டியிருக்கிற விளிம்பைப் பார்த்தேன். கடைக்குப் போன அட்டையில் ஒட்டின தடம் ஒன்றுதான் இருக்கும். இதில் இரண்டு. ஒன்று சூடு பத்தாமல் பாதி பிடித்து விட்டது, இன்னொன்று சூடு அதிகமாகி விளிம்பு மஞ்சளடித்தது. ஒட்டுகிற மெஷினுக்குச் சூடு வைத்துப் பார்த்த அட்டை. சூடு வைத்துப் பார்க்க உள்ளே ஏதாவது உருப்படி வேண்டுமே. அப்போதுதான் ரெஜினாவின் குரல் வந்தது, பேக்கிங் பகுதியில் இருந்த ரெஜினா மேரி, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நினைக்காத குரல். அண்ணா, மெசினு செட் பண்ணப் பத்து பீஸ் எடுத்துக்கறேன். நான் வெர்னியரிலிருந்து தலையைத் தூக்காமல், எடுத்துக்கோ என்று கையைக் காட்டினேன். காட்டினேனா, அல்லது விளிம்பைப் பார்த்த பிறகு நானாகச் செய்துகொண்ட நினைவா. இந்த வயசில் அந்தப் பயம் ஒன்று இருக்கிறது. கண் சொல்வதை நம்பலாம், மண்டை சொல்வதை நம்ப முடியவில்லை. மாத்திரை போட்டேனா இல்லையா என்று அட்டையை எண்ணிப் பார்க்கிற ஆள் நான் இப்போது. அதனால்தான் அக்குள். அக்குளில் கோடு இருந்தால் சனிக்கிழமை உருப்படி, ரெஜினா வந்ததும் நிஜம், சிக்கந்தர் சொன்னதும் நிஜம். இல்லாவிட்டால் போலி, நான் சொன்னதே சரி, துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். கூட்டுக்குள் கை உடம்போடு ஒட்டியிருக்கிறது, அறுக்காமல் தெரியாது. அறுக்காமலே ஒன்று செய்யலாம் என்று நேற்று முழுக்க ஒரு நினைப்பு. பார்த்தேன், போலிதான் என்று இரண்டு வார்த்தை எழுதினால் முடிந்தது, அந்த ஆள் திருப்பிக்கூடக் கேட்கமாட்டார், எழுதியே கொடுத்திருக்கிறார். நினைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. நினைத்துவிட்டு, சீ என்று எழுந்து போய் வாசல் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். ஆனால் வேடிக்கை என்னவென்றால், இப்போது உட்கார்ந்து யோசித்தால், எனக்கு அந்தக் கோடு இருக்க வேண்டும். இல்லாமல் போய்விடுமோ என்றுதான் கை நிற்கிறது. முதல் நாள் முதல் ஓட்டத்தில் வந்த உருப்படி ஒன்று உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதா. என்னிடம்கூட இல்லை. தப்போ சரியோ, நான் பெற்றது.

சௌந்தரம் காப்பி கொண்டுவந்து, மேசையில் வைக்க இடம் தேடி, வெர்னியரை நகர்த்தப் போனாள். முறைத்தேன். ஜன்னல் கட்டையில் வைத்தாள். வைத்தவள் போகவில்லை.

"முந்தாநேத்துல இருந்து அதயவே பாத்துட்டு உக்காந்திருக்கறீங். அது என்ன, பொண்ணு பாக்க வந்த மாப்பளையா?"

"வேல இருக்குது. போ."

"வேல இருந்தா பாக்கோணும்ங். பாக்காம உக்காந்திருந்தா அது பயம்ங்."

போய்விட்டாள். இதைச் சொல்லத்தான் காப்பியே போட்டிருப்பாள். பயமாம். யாருக்கு. நாற்பதாயிரம் பேரா, அவர்களில் பாதிப் பேருக்கு மோல்டுக்கும் முறுக்கு அச்சுக்கும் வித்தியாசம் தெரியாது. ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்துவிட்டிருந்தது, எப்போது வந்தது என்று கவனிக்கவில்லை, துணிமேல் பிளேடு வெள்ளையாக மினுங்கியது. கட்டைவிரலில் ஒரு நடுக்கம் உண்டு எனக்கு, இரண்டு வருஷமாக, சும்மா இருந்தால்தான் வரும், கருவியைப் பிடித்தால் நின்றுவிடும். பிடித்தேன். நின்றது. மஞ்சளடித்த விளிம்பில் வைத்து ஒரே இழுப்பு. கூடு வாயைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், புது பிளாஸ்டிக்கும் மெஷின் எண்ணெயும் கலந்த பீளமேட்டு வாசனை, எண்பத்தேழாம் வருஷத்துக் காற்று அது, இத்தனை நாள் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடந்திருக்கிறது, ஒரு மூச்சுக்கு மேல் இருக்கவில்லை. அதற்குள் போய்விட்டது. முழுக்க இழுத்துக்கொண்டேன், யாருக்கும் மிச்சம் வைக்கவில்லை. மேஜரைக் கையில் எடுத்தேன். கனம் சரி. இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் நகத்தை ஓட்டினேன், நகத்துக்கு ஒன்றும் தட்டவில்லை. இப்போது கம்ப்யூட்டர் வெட்டுகிற மோல்டில் தட்டுகிறது. இடது கையைத் தூக்கி, பூதக்கண்ணாடியை வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பினேன். இருந்தது. கண்ணிமை மயிர் விழுந்து ஒட்டிக்கொண்ட மாதிரி, மேலே தடிப்பு, கீழே போகப் போக மெலிவு. உளி சறுக்கினபோது மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்றுகூட அதில் எழுதியிருந்தது. என் மணிக்கட்டு. முப்பத்தைந்து வயசு மணிக்கட்டு. அப்புறம்தான் சுழியைப் பார்த்தேன், பிப்ரவரியிலிருந்து பார்க்காமல் தள்ளிக்கொண்டே வந்ததை. தப்புதான், இடது பக்கம்தான் போகிறது. ஆனால் என்ன வெட்டு. ஒவ்வொரு சுற்றும் உள்ளே போகப் போக அதே அளவில் ஒடுங்குகிறது, கடைசியில் ஊசிமுனையில் போய் நிற்கிறது, எங்கேயும் தடுமாறவில்லை. மறுநாள் வெட்டிய வலஞ்சுழி இவ்வளவு இல்லை, அது பயந்து வெட்டியது. இது பயம் தெரியாமல் வெட்டியது. இதைவிட நல்ல சுழி நான் வெட்டியதில்லை, இதைத்தான் போலி என்றேன்.

காப்பி ஆறிவிட்டது. போனைத் தாங்கியில் செருகினேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன், நீளம் இல்லை. "மேஜர் சூறாவளி, இடஞ்சுழி. பிப்ரவரியில போலின்னு சொன்னேன். போலி இல்ல, அசல். மோல்டு வெட்டுனது நான். சுழியத் தப்பா வெட்டுனதும் நான். மூடி மறைச்சதும் நான். அறுபது உருப்படியயும் அரைச்சுட்டேன்னு நெனச்சேன், அரைபடாம தப்பிச்சது இது. இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லல. திண்டுக்கல் சிக்கந்தர் சொன்னதுதான் சரி. ஜனவரியில அவருக்கு மேச போடுங்க. போடலைன்னா எனக்கும் வேண்டாம். அக்குள்ள ஒரு கோடு இருக்குது, காட்டறேன், பாத்துக்குங்க. முட்டி நல்லா நிக்குது. வாங்குன்னு சொல்ல முடியாது, கெடைக்காது." ஒற்றைக் காலில் நிறுத்திக் காட்டினேன். நின்றான், ஆடவில்லை. ஒரே தடவைதான் எடுத்தேன். ஏற்றிவிட்டு, கீழே என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கவில்லை, எப்போதும் பார்ப்பதில்லை, இன்றைக்கு மட்டும் பார்க்காமல் இருக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. பொய் பேசினவன் என்று எழுதுவார்கள். எழுதட்டும், சரியாகத்தான் எழுதுவார்கள். மோல்டு வெட்டினவன் இவன்தான் என்றும் எழுத வேண்டிவருமே, அதை எப்படித் தவிர்ப்பார்கள்.

கால் மணி கழித்து சிக்கந்தர் கூப்பிட்டார். என்ன சொல்வது என்று நான் மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன், மன்னிப்பு என்கிற வார்த்தை எனக்குப் பழக்கமில்லை, அதை எந்தப் பக்கமாகப் பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை. அவர் அதைக் கேட்கவே இல்லை. குழுவைப் பற்றி இல்லை, மேசையைப் பற்றி இல்லை.

"அறுத்துட்டீங்களாண்ணே?"

"அறுத்தாச்சுங்."

பின்னால் அவர் கடையில் யாரோ பிரேம் விலை கேட்டார்கள், இருங்க என்று அவர்களை நிறுத்திவைத்தார். எனக்கு என்னவோ போல் ஆயிற்று. தொடாமல் காப்பாற்றினவர் அவர், தொட்டுவிட்டவன் நான். தப்பு என்னுதுங் சிக்கந்தர் என்றேன், அவ்வளவுதான் வந்தது. அது தெரியும்ண்ணே, இப்பத்தான் பாத்தேன், நாலு தடவ பாத்தேன் என்றார். பிறகு குரலைத் தணித்து, கடையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பது மாதிரி கேட்டார்.

"கை அசையுமாண்ணே அதுக்கு?"

அசையுமாவா. அந்தத் தோளுக்குள் நான் என்ன வைத்திருக்கிறேன் என்று தெரியுமா அந்த ஆளுக்கு. எப்படித் தெரியும், இருபத்தைந்து வருஷமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்றவர். பல்சக்கரம் மாதிரி எட்டுப் பல், ஒவ்வொன்றும் கையால் வெட்டியது, முதலாளி கேட்கவில்லை, வரைபடத்தில் இல்லை, நானாக வைத்தது. இரண்டு ரூபாய்ப் பொம்மைக்கு எதுக்குடா இதெல்லாம் என்று அப்போது சிரித்தார்கள். போனை வெள்ளைத் துணிமேல் வைத்தேன், மேஜரின் தோளை அதன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், வலது கையைக் கீழேயிருந்து மெதுவாகத் தூக்கினேன். டக். டக். ஒவ்வொரு பல்லாக, எட்டும், உச்சி வரைக்கும். உச்சியில் விட்டேன். நின்றது.

"கேட்டுச்சுங்ளா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"இன்னொரு தடவண்ணே" என்றார்.

கையை இறக்கினேன். போனை இன்னும் கொஞ்சம் கிட்டே வைத்து, முதல் பல்லிலிருந்து தூக்க ஆரம்பித்தேன்.